வெளியூரில் ஓட்டல் வைஃபையைப் பயன்படுத்தினால் ஆபத்தா?

வேலைக்காக அடிக்கடி வெளியூர் போகிறேன், ஓட்டல் வைஃபையில் லேப்டாப்பை இணைத்தால் யாராவது ஹேக் செய்துவிடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஜவுளி ஆலை இயந்திரங்களுக்கு சர்வீஸ் இன்ஜினியர். வீடு கோவையில். மாதத்தில் பாதி நாள் இச்சல்கரஞ்சி, சூரத், லூதியானா என்று லாட்ஜிலும் ரயிலிலும் கழியும். வைஃபையால் எனக்கு இதுவரை ஒரு தொந்தரவும் வந்ததில்லை. மாட்டிக்கொண்டது இரண்டு தடவை, இரண்டும் ஜெராக்ஸ் கடையில்.

முதல் தடவை இச்சல்கரஞ்சியில். ஆலைக்குள் போக கேட் பாஸ் பிரிண்ட் வேண்டும். கடைக்காரர் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்து, கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்கள் என்றார். வெளியே ஆட்டோ நிற்கிறது. ஸ்கேன் செய்தேன், பத்து ரூபாயைக் கொடுத்தேன், காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். ஊர் திரும்பி, பதினோரு நாள் கழித்து, வேறு எதையோ தேடி போன் வாட்ஸ்அப்பில், இணைத்த கணினிகளைக் காட்டும் ‘லிங்க்ட் டிவைசஸ்’ பக்கம் போனால் ‘விண்டோஸ்’ என்று ஒரு வரி. கடைசியாக அன்று காலையில் இயங்கியதாகக் காட்டியது. என் லேப்டாப்பில் நான் வாட்ஸ்அப் போட்டதே கிடையாது. பையனின் பள்ளி ஃபீஸ் ரசீது, அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட், மேனேஜரைத் திட்டி நண்பனுக்கு எழுதியது எல்லாம் பதினோரு நாளாக அந்தக் கடை மேசையில் ஓடியிருக்கிறது! முன்பெல்லாம் போனில் நெட் போனால் கணினியிலும் வாட்ஸ்அப் நின்றுவிடும். 2021-க்கு அப்புறம் அப்படி இல்லை. போனை அணைத்து வைத்தாலும் இணைத்த கணினியில் அது பாட்டுக்கு ஓடும்.

அடுத்த முறை வேறொரு ஊரில் கடைக்காரரின் திரையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தேன். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஆதார், பான் கார்டு, ரயில் டிக்கெட், யாரோ ஒரு பெண்ணின் ஹால் டிக்கெட் என்று மாதக்கணக்கில் குவிந்து கிடந்தது. இ-ஆதார் கோப்புக்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே என்பீர்கள். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகள், பிறந்த வருடம், அவ்வளவுதான். அதையும் கவுன்டரில் நின்றுகொண்டு நாமே சத்தமாகச் சொல்கிறோம். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், பொதுக் கணினியில் இ-ஆதார் இறக்காதீர்கள், இறக்கினால் எல்லாப் பிரதிகளையும் அழித்துவிடுங்கள் என்று ஓர் அறிவிப்பு விட்டது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளலாம் என்று இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றார்கள். எனக்கென்னவோ அந்த அறிவிப்பில் தப்பே தெரியவில்லை. லாட்ஜில் கொடுக்க, கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை வீட்டிலேயே நாலு பிரதி எடுத்துப் பையில் வைத்துக்கொள்வேன்.

இப்போது அடுத்தவர் கணினியில் என் கணக்கு எதையும் திறப்பதில்லை. கடையின் இமெயிலுக்கு என் போனிலிருந்தே அனுப்பிவிடுவேன். பிரிண்ட் வந்ததும் நகராமல் நின்று, “பாயி, டிலீட் கர் தீஜியே” (அண்ணே, அழித்துவிடுங்கள்) என்பேன். சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். ரீசைக்கிள் பின்னுக்குப் போகாமல் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு டெலீட் செய்யச் சொல்ல வேண்டும். கணக்கைத் திறந்தே ஆக வேண்டும் என்றால், மூடியதும் பிரவுசரில் தடம் வைக்காத இன்காக்னிட்டோ ஜன்னல். ஆனால் தட்டச்சு செய்வதைத் திருடும் கீலாகர் அந்தக் கணினியில் இருந்தால் இன்காக்னிட்டோ ஒன்றும் செய்யாது. வெளியே வந்ததும் சொந்த போனில் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.

நான் மாட்டிய இரண்டாவது தடவை, பென்டிரைவ். சூரத்தில் ஒரு கடையில் செருகி எடுத்து வந்து லேப்டாப்பில் போட்டால், உள்ளே ஃபோல்டர் ஒவ்வொன்றும் ஓரத்தில் சின்ன அம்புக்குறியோடு ஷார்ட்கட்டாக மாறிக் கிடந்தது. அளவு 2 கேபி. நிஜமான ஃபோல்டர்களை வைரஸ் மறைத்து வைத்திருந்தது. ஷார்ட்கட்டைத் தட்டினால் முதலில் வைரஸ் ஓடும், அப்புறம் ஃபோல்டர் திறக்கும், அதனால் சந்தேகமே வராது. நான் தட்டினேன். கம்பெனி லேப்டாப்பை ஃபார்மட் செய்யும்வரை இரண்டு நாள் ஆலையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிரிண்ட் போட மட்டும் இப்போது தனியாக ஒரு பழைய 8 ஜிபி பென்டிரைவ். அது என் லேப்டாப்பைப் பார்ப்பதே இல்லை. பென்டிரைவைப் போனில் செருக உதவும் ஓடிஜி இணைப்பானைப் போட்டுக் கோப்பை ஏற்றுவேன்.

சரி, வைஃபை. இந்தப் பயத்துக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. 2010-ல் ஃபயர்ஷீப் என்று, ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் ஒரு நீட்சி வந்தது. அதே வைஃபையில் இருப்பவரின் ஃபேஸ்புக்குக்குள் இரண்டு கிளிக்கில் நுழைய முடிந்தது. இப்போது ஏறக்குறைய எல்லாத் தளமும் எச்டிடிபிஎஸ், அதாவது போகிற வழியில் தகவலைப் பூட்டி அனுப்பும் முறை. நடுவில் இருப்பவனுக்கு எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது தெரியலாம், உள்ளே தட்டுவது தெரியாது. பிரவுசர் இணைப்பு பாதுகாப்பானதில்லை என்று முழுப் பக்கத்துக்கு எச்சரித்தால் மட்டும் ‘பரவாயில்லை, போ’ என்று தட்டாதீர்கள். ஸ்டேஷன் வைஃபை மொபைல் எண்ணும் ஓடிபியும் கேட்கும். ஜிமெயில் பாஸ்வேர்டு கேட்கிற வைஃபை எதுவானாலும் மூடிவிடுங்கள். பேங்க் வேலைக்கு மட்டும் நான் போனின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுக்கொள்வேன். டேட்டாதான் மலிவாகக் கிடைக்கிறதே.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் எனக்கு இதுதான் பெரிய பயம்: ரயிலில் போன் தொலைந்தால்? ஜிமெயில் ‘உங்கள் போனில் யெஸ் தட்டுங்கள்’ என்று நிற்கும். டூப்ளிகேட் சிம் வாங்கினாலும் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. சிம் மோசடியைத் தடுக்க 2022 கடைசியில் வந்த விதி அது. நல்ல விதிதான், ஆனால் அந்த ஒரு நாள் ஓடிபி இல்லாமல் தவிப்பது நாம். அதற்கு கூகுள் தரும் பேக்கப் கோடுகள் இருக்கின்றன. எட்டு இலக்கத்தில் பத்து எண்கள், ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவைக்கு. இரண்டை மட்டும் ஒரு சீட்டில் எழுதி, பெயர் எதுவும் போடாமல், லேப்டாப் பையின் உள் ஜிப்பில் வைத்திருக்கிறேன். மீதி எட்டு வீட்டு பீரோவில், மனைவி கையில். போன வருடம் லூதியானாவில் போன் தண்ணீரில் விழுந்தபோது அந்தச் சீட்டில் ஒன்றை அடித்துவிட்டேன். இன்னும் ஒன்று பாக்கி.