எல்லை மதிப்பில் மென்பொருள்கள் ஏன் முரண்படுகின்றன?

கேள்வி: கல்லூரியில் நுண்கணிதம் கற்பிக்கிறேன். எக்ஸ் பூச்சியத்தை நெருங்கும்போது |எக்ஸ்|/எக்ஸ் என்பதன் எல்லை மதிப்பைக் கேட்டால் பைத்தானின் குறியீட்டுக் கணித நூலகமான சிம்பை 1 என்கிறது; மேத்தமேட்டிகா என்ற கணித மென்பொருள் ‘இன்டிடர்மினேட்’ (தீர்மானிக்க இயலாதது) என்கிறது. (1 − காஸ் எக்ஸ்)/எக்ஸ்² என்பதன் எல்லை 1/2 என்று தெரிந்தும், பைத்தானில் எக்ஸுக்கு 0.00000001 என்று கொடுத்தால் 0 வருகிறது. எதை நம்புவது?

பதில்: முதல் சிக்கலில் இரண்டு மென்பொருள்களும் சரியாகவே விடை சொல்லியிருக்கின்றன, ஆனால் அவை எடுத்துக்கொண்ட கேள்விகள் வேறு. சிம்பையின் லிமிட் கட்டளை, திசை குறிப்பிடப்படாவிட்டால் வலப்பக்க எல்லையை மட்டுமே காணும். மேத்தமேட்டிகாவும் முன்பு அப்படித்தான் செய்தது. 2017இல் வந்த 11.2ஆம் பதிப்பிலிருந்துதான் இருபக்க எல்லையை இயல்பாக எடுத்துக்கொள்கிறது. ஆகவே பழைய பயிற்சிக் கோப்புகளைப் புதிய பதிப்பில் ஓட்டினால் விடை மாறக்கூடும். சிம்பையில் திசையாக '+-' என்று கொடுத்தால், இடப்பக்க எல்லை −1, வலப்பக்க எல்லை 1, எனவே எல்லை இல்லை என்ற பிழைச் செய்தி வரும். வகுப்பறைக்கு அதுவே ஏற்றது. ஒருபக்க எல்லையைச் சொல்லாமலே இயல்பாக வைத்திருப்பது கற்பவரைத் தவறான வழியில் விடும் ஏற்பாடு என்பது என் கருத்து. 1/எக்ஸ் என்பதை அதே '+-' திசையுடன் கேட்டால் பிழைச் செய்திக்குப் பதிலாக ‘ஸூ’ என்ற விடை வரும்; அது சிக்கலெண் தளத்தின் திசையற்ற முடிவிலியைக் குறிப்பது, மிகை முடிவிலியை அன்று.

திசையைக் குறிக்கும் வழக்கத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. சிம்பையில் '+' என்பது மிகைப் பக்கத்திலிருந்து வருவதைக் குறிக்கும். மேத்தமேட்டிகாவின் பழைய குறியீட்டிலோ −1 என்பதுதான் அதே பொருளைத் தரும், ஏனெனில் அங்கே எண், நாம் நிற்கும் பக்கத்தை அல்லாமல் நகரும் திசையைச் சொல்கிறது. குறியை அப்படியே பெயர்த்து எழுதுபவருக்கு விடை தலைகீழாகிவிடும்.

உங்கள் இரண்டாவது சிக்கலில் எல்லைக் கணக்கே நடக்கவில்லை. ஒரு சிறிய எண்ணைப் பிரதியிட்டிருக்கிறீர்கள், அவ்வளவே. எக்ஸ் 0.00000001 எனும்போது காஸ் எக்ஸின் உண்மை மதிப்பு 1ஐவிட ஏறத்தாழ 5×10⁻¹⁷ மட்டுமே குறைவு. பைத்தானின் இயல்பான தசம எண்கள் (‘ஃப்ளோட்’) சுமார் 16 இலக்கத் துல்லியம் கொண்டவை என்பதால் அந்த வேறுபாடு அவற்றில் அடங்காது. காஸ் எக்ஸ் சரியாக 1 என்றே பதிவாகி, தொகுதி முழுவதும் பூச்சியமாகிறது. எக்ஸுக்கு 0.0001 கொடுத்துப் பாருங்கள், 0.5க்கு மிக அருகில் வரும். அதாவது எண்ணை மேலும் மேலும் சிறிதாக்கினால் விடை ஓரளவு வரை நெருங்கி, பிறகு கெட்டுப்போகிறது. தொகுதியை 2 சைன்²(எக்ஸ்/2) என்று மாற்றி எழுதிவிட்டால் கழித்தலே இல்லாமல் போவதால் இந்தச் சிக்கலும் இருக்காது.

சைன் எக்ஸ்/எக்ஸ் என்பதில் எக்ஸுக்குப் பூச்சியத்தைப் பிரதியிட்டால் சிம்பை ‘நான்’ (nan, ‘நாட் எ நம்பர்’, அதாவது ‘எண் அன்று’ என்பதன் சுருக்கம்) என்று காட்டுவதும் இத்தகையதே. 0/0 என்னும் தேறப்பெறாத வடிவம் கிடைத்தது என்பதற்கு, அந்த வழியில் விடை தெரியவில்லை என்றுதான் பொருளே தவிர, எல்லை இல்லை என்று பொருளன்று. மேத்தமேட்டிகா இரண்டு நிலைகளுக்கும் ‘இன்டிடர்மினேட்’ என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துவதால் மாணவர்கள் குழம்புவது இயல்பு.

மென்பொருளிடம் வகைக்கெழுக்களை மட்டும் வாங்கிக்கொண்டு லோபிதால் விதியை (தொகுதியையும் பகுதியையும் தனித்தனியே வகையிட்டு, அந்த வகைக்கெழுக்களின் விகிதத்திலிருந்து எல்லை காணும் விதி) தாமே செயற்படுத்துபவர்களுக்கு, 1879இல் கணிதவியலாளர் ஓட்டோ ஸ்டோல்ஸ் காட்டிய எச்சரிக்கை இன்றும் பொருந்தும். எக்ஸ் முடிவிலியை நெருங்கும்போது, தொகுதி எக்ஸ் + சைன் எக்ஸ் காஸ் எக்ஸ். பகுதி, அதே கோவையை ஈ^(சைன் எக்ஸ்) என்பதால் பெருக்கியது. இரண்டும் முடிவிலிக்குச் செல்கின்றன. தொகுதியின் வகைக்கெழு 2 காஸ்² எக்ஸ். பகுதியின் வகைக்கெழுவிலும் காஸ் எக்ஸ் ஒரு காரணியாக வரும். சுருக்கும் கட்டளை அந்தப் பொதுக் காரணியை ஓசையின்றி நீக்கிவிட, எஞ்சும் விகிதம் பூச்சியத்தை நெருங்குகிறது. உண்மையான விகிதமோ ஈ^(−சைன் எக்ஸ்). அது 1/ஈ முதல் ஈ வரை ஊசலாடிக்கொண்டே இருப்பதால் எல்லையே கிடையாது. பகுதியின் வகைக்கெழு முடிவிலி வரையிலும் மீண்டும் மீண்டும் பூச்சியமாவதால், விதியின் நிபந்தனை முன்பே உடைந்திருந்தது. காரணியை நீக்கியதில் அந்த உடைப்பு கண்ணுக்குத் தெரியாமல் போனது.

சிம்பை பெரும்பாலும் இந்த வழியில் போவதில்லை. டொமினிக் குருன்ட்ஸ் 1996இல் சூரிச் இடிஹெச் நிறுவனத்தின் முனைவர் பட்ட ஆய்வில் தந்த முறைப்படி, கோவையில் மிக வேகமாக மாறும் கூறைக் கண்டறிந்து, அதை ஒரு புதிய மாறியாகக் கொண்டு தொடராக விரித்து, முதல் உறுப்பைப் பார்க்கிறது. அதற்கு ஒரு கெழு பூச்சியமா இல்லையா என்று உறுதியாகத் தெரிய வேண்டும். பொதுவாக இக்கேள்வியை எந்த வழிமுறையாலும் தீர்க்க இயலாது என்று கணிதவியலாளர் ரிச்சர்ட்சன் 1968இல் நிறுவியிருக்கிறார். ஆகவே உள்ளிடும் எண்களையாவது துல்லியமாகக் கொடுப்பது நம் பொறுப்பு.

(எக்ஸ்³ + எக்ஸ்²)^(1/3) − எக்ஸ் என்பதன் எல்லை, எக்ஸ் முடிவிலியை நெருங்கும்போது 1/3. ஆனால் பைத்தானில் 1/3 என்று தட்டினால், சிம்பையின் கைக்குச் செல்லும் முன்பே அது 1/3ஐவிடச் சற்றே சிறிய தசம எண்ணாகிவிடுகிறது. அந்த அடுக்கை அப்படியே எடுத்துக்கொண்டால் சரியான எல்லை குறை முடிவிலி! எனவே ‘ரேஷனல்(1, 3)’ என்றே எழுதுங்கள்.

மாறிலிகள் கலந்த கோவைகளிலும் இதே கவனம் தேவை. எக்ஸ் முடிவிலியை நெருங்கும்போது ஈ^(ஏ எக்ஸ்) என்பதன் எல்லை, ஏ மிகையா, குறையா, பூச்சியமா என்பதைப் பொறுத்து முடிவிலி, 0, 1 என மாறும். மேக்சிமா என்ற இன்னொரு கணித மென்பொருள் இத்தகைய இடங்களில் ஏவின் குறியை நம்மிடமே கேட்கும். சிம்பையில் ஏவை அறிவிக்கும்போதே ‘பாசிட்டிவ்’ அல்லது ‘நெகட்டிவ்’ என்று குறிப்பிட்டு, ஏ = 0 என்ற நிலையைத் தனியாகக் கணக்கிடுங்கள்.