மாவு பொங்குவதும் பண்டம் கெடுவதும்

கேள்வி: மார்கழியில் இரவு அரைத்து வைக்கும் இட்லி மாவு காலையில் பொங்குவதே இல்லை. நொதித்தல் என்பது என்ன? கெட்டுப்போவதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு?
– வாசகி, தேன்கனிக்கோட்டை

பதில்: கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மாவிலும் பாலிலும் உள்ள சர்க்கரையை உண்டு, அமிலமாகவோ சாராயமாகவோ வாயுவாகவோ மாற்றுவதுதான் நொதித்தல். பால் புளிப்பதற்கு உயிருள்ள கிருமியே காரணம் என்று 1857-இல் லூயி பாஸ்டர் எடுத்துரைத்தார். கெட்டுப்போவதும் நுண்ணுயிரின் வேலையே. ஆனால் அங்கே எந்தக் கிருமி பெருகுவது என்பதை நாம் தீர்மானிப்பதில்லை. நொதிக்க வைக்கும்போது உப்பு, நீர், வெப்பம் ஆகியவற்றின் அளவால் நாம் வேண்டிய கிருமிக்கு இடம் கொடுக்கிறோம். அது உண்டாக்கும் புளிப்பு மற்றவற்றை அண்டவிடாமல் தடுக்கிறது.

இட்லி மாவுக்கு வேண்டிய கிருமிகள் பெரும்பாலும் உளுந்தோடு வருகின்றன. அவை வெளியிடும் கரியமில வாயுவை உளுந்தின் கொழகொழப்பு பிடித்துவைத்துக்கொள்வதால் மாவு நுரைத்து எழும்புகிறது. அரிசியை மட்டும் அரைத்து வைத்தால் புளிக்குமே தவிர, அந்த அளவுக்குப் பொங்காது. இக்கிருமிகளுக்கு 30 பாகை வெப்பம் இதமானது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதி மேட்டுநிலம் ஆகையால், மார்கழி இரவில் அவை மந்தமாகிவிடுகின்றன. வெதுவெதுப்பான நீர் விட்டு அரைத்து, முந்தைய மாவில் ஒரு கரண்டி கலந்து, அடுப்பு மேடையருகே துணி சுற்றி வையுங்கள். உப்பு கூடினாலும் நொதித்தல் தாமதமாகும் என்பதால், குளிர்நாளில் அதைக் காலையில் சேர்க்கலாம். சமையல் சோடா மாவை உப்பவைக்குமே ஒழிய, இரவெல்லாம் கிருமிகள் செய்யும் வேலையை அது செய்யாது; அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: எங்கள் ஊர்ப் புளியும் இப்படித்தான் புளிப்பேறுகிறதா?
– வாசகர், அரூர்

பதில்: இல்லை. அது காயிலேயே உண்டாகும் டார்டாரிக் அமிலம். அதில் நொதித்தலுக்கு வேலையில்லை. தயிர், ரொட்டி, மாட்டுக்குக் குழியில் மூடிவைக்கும் ஊறுகாய்ப்புல், வயலுக்குத் தெளிக்கும் பஞ்சகவ்யம் ஆகியவையே நொதித்தலால் ஆனவை.

கேள்வி: இரவில் நீரூற்றி வைத்த கேழ்வரகுக் களியைக் காலையில் மோர்விட்டுக் கரைத்துக் குடிக்கிறோம். இது நல்லதா?
– வாசகர், பென்னாகரம்

பதில்: நல்ல உணவு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. ஆனால் அதிலுள்ள பைட்டிக் அமிலம் இரும்பையும் சுண்ணாம்பையும் உடலில் சேரவிடாமல் பிடித்துவைக்கிறது. நொதித்தலில் அது ஓரளவு சிதைவதால், மாவை முன்னிரவே கரைத்துப் புளிக்கவைத்து, மறுநாள் நொய் சேர்த்துக் காய்ச்சும் கூழில் அச்சத்துகள் இன்னும் எளிதாகக் கிடைக்கும். வாய்ப்புள்ள நாளில் அவ்வாறே காய்ச்சுங்கள். களியை நீரில் போட்டு வைப்பதானால், சுத்தமான நீரில் முழுவதும் மூழ்கியிருக்கட்டும். மேலே பூசணம் படர்ந்தாலோ, புளிப்பு வாடை மாறி அழுகல் நாற்றம் வந்தாலோ, மேலாக வழித்துவிட்டு உண்ணாமல் முழுவதையும் கொட்டிவிட வேண்டும்.