மர வியாபாரியின் 500 சிசி கார்

கேள்வி: ஜாக்கி ஸ்டூவர்ட்டை உலக சாம்பியனாக்கிய கென் டிரெல், ஓட்டுநராகத் தோற்றுப்போனவர் என்று படித்தேன். வார இறுதியில் 500 சிசி பொம்மைக் கார் ஓட்டியவர்கள் அதில் என்ன கற்றிருக்க முடியும்? பணம் இருந்தது, ஓட்டினார்கள். அவ்வளவுதானே?

பதில்: இல்லை. முதலில் அந்தத் "தோற்றுப்போனவர்" என்பதை எடுத்துவிடுங்கள். டிரெல் இங்கிலாந்தின் சர்ரேயில் குடும்பத்தோடு மர வியாபாரம் செய்தவர். போரின்போது குண்டுவீச்சு விமானங்களில் ஃபிளைட் எஞ்சினியர். 1951-ல் ஊர்க் கால்பந்து கிளப்போடு சில்வர்ஸ்டோனுக்குப் பந்தயம் பார்க்கப் போனவர், அங்கே ஓடிய 500 சிசி கார்களைக் கண்டு, பந்தய ஓட்டுநர் ஆலன் பிரவுனின் நார்ட்டன் எஞ்சின் பொருத்திய கூப்பர் காரை வாங்கி 1952-ல் தானே இறங்கிவிட்டார். 1958-ல் அதைவிடப் பெரிய வகுப்பான ஃபார்முலா 2 வரை வந்தார். எப்போதாவது வென்றார், பலமுறை நல்ல இடத்தில் முடித்தார். முதல் வரிசைக்குத் தன்னால் வர முடியாது என்று தெரிந்ததும் 1959-ல் விலகிக்கொண்டார். தன் சுற்று நேரத்தைத் தானே நேர்மையாகப் படித்த ஓட்டுநர்கள் மிகக் குறைவு.

பணம் பற்றிச் சொன்னீர்கள். இந்த 500 சிசி வகுப்பே பணமில்லாதவர்களுக்காக 1946-ல் பிறந்தது. அந்த ஆண்டு சர்பிட்டனில் கூப்பர் தந்தையும் மகனும் இரண்டு ஃபியட் டோப்போலினோக்களின் முன்பகுதிகளை வெட்டி, முதுகோடு முதுகாக ஒட்டித்தான் முதல் காரைச் செய்தார்கள். ஓட்டுநருக்குப் பின்னால், மண் தடத்து மோட்டார்சைக்கிள் பந்தயமான ஸ்பீட்வேக்குச் செய்த ஜாப் எஞ்சின், மோட்டார்சைக்கிள் கியர்பாக்ஸ், பின்னச்சுக்குச் செயின். செலவு ஏறியது பிறகுதான். நார்ட்டன் கம்பெனி தன் பந்தய மோட்டார்சைக்கிளான மேங்க்ஸின் எஞ்சினைத் தனியாக விற்கவில்லை. முழு மோட்டார்சைக்கிளையும் வாங்கி எஞ்சினை மட்டும் கழற்ற வேண்டியிருந்தது.

இனி, என்ன கற்றார்கள் என்பது. ஜாப் ஒற்றை சிலிண்டர் எஞ்சின். சிலிண்டரின் விட்டம் 80 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் 99 மி.மீ. நான்கு சுற்று ஓடும் ஸ்பீட்வே பந்தயத்துக்காகச் செய்த எஞ்சின் அது. அதைக் கார் பந்தயத்தில் நெடுநேரம் முழு வேகத்தில் வைத்தால் பிக் எண்ட் பேரிங் (கனெக்டிங் ராடின் கீழ்முனைத் தாங்கி) போய்விடும். எரிபொருள் மெத்தனால். ஆவியாகும்போது அது எஞ்சினை நன்றாகக் குளிர்விப்பதால், காற்றில் மட்டும் குளிரும் சிலிண்டரிலும் 14:1 அளவுக்குக் கம்ப்ரெஷன் (கலவையை அழுத்தும் விகிதம்) வைக்க முடிந்தது. ஆனால் பெட்ரோலைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் குடிக்கும். கார்புரேட்டரில் எரிபொருளை அளந்து விடும் ஜெட், குழாய், டேங்க் எல்லாம் அதற்கேற்பப் பெரிதாக வேண்டும். பெட்ரோலில் ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்த்துக் கலவையை அறியலாம். மெத்தனாலில் அந்த அடையாளம் தெளிவாக விழாது. அதனால் பெரிய ஜெட்டில் தொடங்கி ஒவ்வொரு படியாகக் குறைத்து வருவதே பாதுகாப்பு. கலவையில் எரிபொருள் சற்று அதிகமானால் சக்தி பெரிதாகக் குறையாது, குறைந்தால் பிஸ்டன் ஓட்டையாகும்.

கிளப்புவதும் ஒரு வேலை. ஸ்டார்ட்டர் கிடையாது, தள்ளித்தான் கிளப்ப வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் பந்தயப் பிளக்கைப் போட்டால் எண்ணெய் படிந்து அடங்கிவிடும். எனவே சாதாரண பிளக்கோடு கிளப்பி, சூடானதும் மாற்ற வேண்டும். மாற்ற மறந்து பந்தயத்தில் போனால் அந்தப் பிளக்கின் முனையே பழுத்து, தீப்பொறிக்கு முன்பே கலவையைப் பற்றவைக்கும். எண்ணெய், நம் விளக்கெண்ணெய் வகைதான். அதை மினரல் ஆயிலோடு கலந்தால் கசடு கட்டிக் குழாயை அடைக்கும். பந்தயம் முடிந்த அன்றே மெத்தனாலை முழுவதும் வடித்துவிட வேண்டும். அது ஈரத்தை இழுக்கும், கார்புரேட்டரின் உலோகத்தை அரிக்கும். பகலில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது என்பதையும் மறக்கக் கூடாது.

இந்த வகுப்பின் பெரிய வசதி செயின். செயின் ஏறும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டை மாற்றினால் கியர் விகிதம் மாறும். பயிற்சிக்கும் பந்தயத்துக்கும் நடுவில் செய்துவிடலாம். ஆனால் இரண்டு ஸ்பிராக்கெட்டும் ஒரே நேர்கோட்டில் இல்லையென்றால், ஒற்றை சிலிண்டரின் உதறலுக்குச் செயின் அறுந்துவிடும். அந்த உதறல் பிராக்கெட்டையும் டேங்க்கையும் சேர்த்தே விரிசல் விடவைக்கும்.

இப்படிப்பட்ட காரோடு பருவம் பருவமாக ஓடியவருக்கு, ஒரு சுற்று நேரம் எஞ்சினால் வந்ததா ஆளால் வந்ததா என்று பிரிக்கத் தெரியும். 1960-ல் டிரெல் தன் மரக்கொட்டகையிலேயே, தொடக்க நிலைப் பந்தய வகுப்பான ஃபார்முலா ஜூனியருக்கு ஓர் அணியைத் தொடங்கினார். 1964-ல் குட்வுட் பந்தயத் தடத்தில், ஃபார்முலா 1 ஓட்டுநர் புரூஸ் மெக்லாரனை ஒரு ஃபார்முலா 3 கூப்பரில் ஓடவிட்டு நேரம் எடுத்தார். பிறகு அதே காரில், அதுவரை அதை ஓட்டியே பார்க்காத ஸ்டூவர்ட்டை உட்காரவைத்தார். ஸ்டூவர்ட் அந்த நேரத்தை முந்தினார். டிரெல் அவரை அணியில் சேர்த்துக்கொண்டார்.