ஏழு மணி நேரப் படமும் ஒன்றரை மடங்கு வேகமும்

கேள்வி: நண்பர்கள் சொன்னார்களே என்று ஹங்கேரி இயக்குநர் பெலா தாரின் ‘சாத்தான்டாங்கோ’வைப் பார்க்க உட்கார்ந்தேன். சேற்றில் மாடுகள் நடந்துகொண்டே இருந்தன. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டும் அரை மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை. எனக்கு ரசனை போதாதா? அவர் படங்களை எதிலிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: ரசனையில் குறை இல்லை, சகவாசத்தில்தான் குறை. 1994-ல் வந்த அந்தப் படம் ஏழு மணி நேரத்துக்கும் மேல் ஓடும். அதை முதல் படமாகச் சிபாரிசு செய்கிறவர், தாம் அதைப் பார்த்து முடித்த பெருமையைச் சொல்லிக்கொள்ள ஓர் ஆள் தேடுகிறார், அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஒன்றரை மடங்கு வேகம் நீங்களே செய்த பாவம். மாடுகள் வெளியே வந்து நகரும் ஏறக்குறைய எட்டு நிமிடங்களில், கேமரா சுவர்களை ஒட்டி ஊர்ந்து, ஓர் ஊர் எவ்வளவு பாழாகிவிட்டது என்பதைக் காட்டிவிடுகிறது. வசனமாக வைத்திருந்தால் ஒரு வரியில் முடிந்திருக்கும், மறுநிமிடமே மறந்தும் போயிருக்கும். வேகத்தைக் கூட்டினால் ஊர் போய்விடும், மாடுகள்தான் மிஞ்சும்.

நம் சேலத்துக்காரர்களுக்கு இது சிரமம்தான். 1935-ல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ நூற்றுக்கு மேற்பட்ட படங்களை எடுத்துத் தள்ளிய ஊர். ஏற்காடு சாலையில் இன்று நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. ‘அப்புறம் என்ன ஆயிற்று?’ என்று கேட்கும் பழக்கம் மட்டும் இடிபடவில்லை.

‘வெர்க்மைஸ்டர் ஹார்மனீஸ்’ (2000) படத்திலிருந்து தொடங்குங்கள். இரண்டரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், மொத்தமே 39 ஷாட்டுகள், அதாவது வெட்டில்லாமல் ஓடும் துண்டுகள். கதையும் பிடிபடும். ஒரு சிற்றூர்ச் சதுக்கத்துக்குச் செத்த திமிங்கலம் ஒன்றை லாரியில் காட்சிப்பொருளாகக் கொண்டுவருகிறார்கள். அதைச் சுற்றிக் கூட்டம் சேர்கிறது, கூட்டம் கலவரமாகிறது. திரைக்கதையில் பங்கேற்றவர் 2025-ல் இலக்கிய நோபல் பெற்ற லாஸ்லோ கிராஸ்னஹோர்காய். அவருடைய நாவல்தான் மூலம். எனவே ‘கதையே இல்லை’ என்ற புகார் இங்கே செல்லாது.

முதல் காட்சி, மதுக்கடை மூடும் நேரம். யானோஷ் என்ற இளைஞன் குடிகாரர்களில் ஒருவரைச் சூரியனாகவும், ஒருவரைப் பூமியாகவும், இன்னொருவரைச் சந்திரனாகவும் நிறுத்திக் கிரகணத்தை நடத்திக் காட்டுகிறான். சந்திரன் தள்ளாடிக்கொண்டே பூமியைச் சுற்றுகிறார். கிரகணம் பிடித்ததும் ஆட்டம் நின்றுபோக, இசையமைப்பாளர் மிஹாய் வீகின் பியானோ மெல்லத் தொடங்குகிறது. சுமார் பத்து நிமிடம், ஒரே ஷாட். எங்கும் வெட்டு விழாததால் நமக்கும் அந்தக் கடையை விட்டு வெளியேற வழியில்லை. பின்னால் மருத்துவமனையைச் சூறையாடும் காட்சியும் இப்படித்தான், அடிக்கிறவர்களில் ஒருவர்கூடக் கத்துவதில்லை. எதைக் கண்டதும் அவர்கள் திரும்பிப் போகிறார்கள் என்பதை நான் சொல்லமாட்டேன்.

கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, இரவில் பாருங்கள். அந்த மதுக்கடைக் காட்சியே உங்களைப் பிடித்து இழுக்கவில்லை என்றால் பெலா தாரைத் தாராளமாக விட்டுவிடலாம், உலகத்தில் வேறு இயக்குநர்கள் இருக்கிறார்கள். இழுத்தால், அடுத்தது ‘தி டூரின் ஹார்ஸ்’ (2011). அப்பாவும் மகளும் வேகவைத்த உருளைக்கிழங்கைத் தின்பதைத் திரும்பத் திரும்பக் காட்டுவார். ஒவ்வொரு முறையும் கேமரா எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். ‘சாத்தான்டாங்கோ’ கடைசியில்தான். அதை இரண்டு மூன்று இரவுகளுக்குப் பிரித்துக்கொண்டாலும் தவறில்லை, திரையரங்குகளிலேயே இடைவேளை விட்டுத்தான் காட்டுகிறார்கள்.