சரக்கு வண்டி கேள்வி பதில்: தேய்ந்த டிஸ்க்கும் தேயாத சாக்கும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பிக்கப் வண்டிகளின் பிரேக் பற்றியவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டு நாலு கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன். முதல் கடிதத்துக்குத்தான் அதிக இடம் போயிருக்கிறது. மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

தாளவாடியிலிருந்து முட்டைக்கோஸ், பீட்ரூட் ஏற்றிக்கொண்டு திம்பம் இறங்கி மேட்டுப்பாளையம் மார்க்கெட்டுக்கு ஓட்டுகிறேன். பிக்கப் வாங்கி ஒன்றேகால் வருடம் ஆகிறது. பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் உதறுகிறது. ஷோரூம் சர்வீஸில் இரண்டு தடவை முன் டிஸ்க்கும் பேடும் மாற்றினார்கள். கொஞ்ச நாள் நன்றாக ஓடும், அப்புறம் அதே உதறல். மூன்றாவது தடவை போனபோது, "மலையில் ஓட்டுகிறீர்கள், ஓவர்லோடு ஏற்றுகிறீர்கள், தேய்மானத்துக்கு வாரண்டி கிடையாது" என்று பில்லை நீட்டிவிட்டார்கள். நான் என்ன செய்வது?
— வாசகர், தாளவாடி

தம்பி, உங்கள் கடிதத்தில் "கொஞ்ச நாள் நன்றாக ஓடும்" என்ற ஒரு வரி போதும். கோளாறின் பாதி ஜாதகம் அதிலேயே இருக்கிறது.

சக்கரத்தோடு சுற்றும் வட்டத் தகடான டிஸ்க் பெண்டாகி (வளைந்து) விட்டது என்று எல்லாரும் சொல்வார்கள். அது பெரும்பாலும் பெண்டாவதில்லை. டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் துரு இருந்தாலோ, வீல் நட்டை ஏர் கன்னால் ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் முடுக்கினாலோ, புது டிஸ்க் கண்ணுக்குத் தெரியாத அளவு கோணலாக உட்கார்ந்துவிடும். சக்கரம் சுற்றும் ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஒரே இடம், டிஸ்க்கைப் பிடித்து நிறுத்தும் பேடை உரசிக்கொண்டே போகும். சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து அந்த இடம் மட்டும் மெலிந்துவிடும். அப்போதுதான் உதறல் தொடங்கும். அதாவது மாற்றிய அன்றைக்கே அடுத்த கோளாறுக்கு விதை போட்டாயிற்று, முளைக்கத்தான் நாளாகிறது.

இதைக் கண்டுபிடிக்க டயல் கேஜ் என்ற சின்னக் கருவி போதும். காந்த அடி வைத்த ஸ்டாண்டில் மாட்டி, முள்ளை டிஸ்க்கின் முகத்தில் வைத்து, சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்ற வேண்டும். முள் அசைவது பொதுவாக ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். சில வண்டிகளுக்கு இன்னும் குறைவு. உங்கள் வண்டியில் அடுத்த தடவை டிஸ்க்கைத் தொடும்போது பக்கத்தில் நின்றுகொண்டு, "கேஜ் வைத்துக் காட்டுங்கள், வரும் எண்ணை ஜாப் கார்டில் எழுதுங்கள்" என்று கேளுங்கள். ஜாப் கார்டு என்பது வண்டியை விடும்போது புகாரையும் வேலையையும் எழுதும் சர்வீஸ் சீட்டு. கேஜ் எங்கேயோ இருக்கிறது என்று தேடப் போனார்களானால் போன இரண்டு தடவையும் வைத்துப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

அது ஒரு பாதி. இன்னொரு பாதி சூடு. திம்பத்தில் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் லோடோடு இறங்குகிறீர்கள். அந்தப் பாரத்தை நாலு சக்கரமும் பங்கு போட்டால் டிஸ்க் தாங்கும். முன் இரண்டு மட்டும் சுமந்தால் தாங்காது. பின் பிரேக் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று யாராவது பார்த்தார்களா?

வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். பல பிக்கப்களில் பின் ஆக்ஸிலுக்கு மேலே, சேஸிஸ் ஓரத்தில் கையளவு வால்வு ஒன்று இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி ஆக்ஸிலுக்குப் போகும். லோடு சென்சிங் வால்வு என்பார்கள். பாரம் ஏறி டெக் (சரக்கு ஏற்றும் தட்டு) தாழ்ந்தால் அந்தக் கம்பி வால்வைத் தள்ளி, பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் கொடுக்கும். வெறும் வண்டியாக இருந்தால், பின் சக்கரம் லாக் ஆகி வழுக்காமலிருக்க அழுத்தத்தைக் குறைக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் ஊரில் வண்டி எடுத்ததும் பூஜை போட்ட கையோடு ஸ்பிரிங் பட்டறைக்குப் போய் கூடுதலாக ஒரு ஸ்பிரிங் பட்டை சேர்த்துவிடுகிறோம். பட்டை சேர்த்தபின் எவ்வளவு ஏற்றினாலும் டெக் சரியாகத் தாழாது. டெக் தாழாவிட்டால் வால்வு வண்டி காலி என்றே நினைத்துக்கொள்ளும். பின் பிரேக்குக்கு அழுத்தம் குறையும், மலை முழுக்க முன் டிஸ்க் வேகும்.

நீங்கள் பட்டை சேர்த்தீர்களா என்று எழுதவில்லை. சேர்த்திருந்தால் வால்வுக் கம்பியை அதற்கேற்ப மறுபடி அட்ஜஸ்ட் செய்தாக வேண்டும். வாரண்டியில் கம்பெனிக்காரர்கள் பிடித்துக்கொள்ளும் முதல் கொம்பும் அதுதான் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சேர்க்கவில்லையென்றால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. வால்வு செட்டிங்கையும், பின் டிரம்மில் லைனிங் தேயத் தேய இடைவெளியைத் தானே சரிசெய்யும் ஆட்டோ அட்ஜஸ்டர் தூசியில் இறுகிக் கிடக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். ஹேண்ட் பிரேக் முன்னைவிட மேலே வந்து பிடிக்கிறது என்றால் அட்ஜஸ்டர் மேல் சந்தேகப்படலாம்.

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். மலை இறங்கிப் பண்ணாரி வந்ததும் ஓரம் கட்டி, நாலு சக்கரத்துக்குப் பக்கத்திலும் உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள். தொட வேண்டாம், தோல் உரிந்துவிடும். முன்னால் அனல் அடித்து, பின்னால் வெதுவெதுப்புகூட இல்லையென்றால் பின் பிரேக் சும்மா வருகிறது.

ஓவர்லோடு விஷயத்துக்கு வருகிறேன். ஆர்.சி.யில் மொத்த எடை எழுதியிருக்கும். எடை மேடைச் சீட்டுகள் உங்களிடம் இருந்து, அவை அந்த எடைக்குள் இருந்தால் அதைவிட நல்ல சாட்சி வேறில்லை, பத்திரப்படுத்துங்கள். மேலே போயிருந்தால் வாரண்டி வாதத்தில் உங்கள் பக்கம் பலம் கிடையாது. ரோட்டில் பிடித்தால் 20,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் தனி. உண்மை எது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

மலையில் ஓட்டியதால் வாரண்டி இல்லை என்பது மட்டும் எனக்குச் சிரிப்பாக வருகிறது. தாளவாடி முகவரியில்தானே வண்டியை விற்றார்கள்? அங்கிருந்து சத்தியமங்கலம் வர மலை இறங்காமல் வேறு எப்படி வருவது?

பேடும் லைனிங்கும் தேய்மானப் பொருள்கள். வாரண்டிப் புத்தகங்களில் இவற்றைப் பொதுவாக விலக்கியிருப்பார்கள், அதற்குச் சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை. ஆனால் வால்வு, பேடை அழுத்தும் காலிப்பர், பெடல் அழுத்தத்தை ஆயிலுக்கு ஏற்றும் மாஸ்டர் சிலிண்டர், மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பூஸ்டர் இவையெல்லாம் அந்த விலக்குப் பட்டியலில் இருக்கிறதா என்று உங்கள் புத்தகத்தை எடுத்துப் படியுங்கள். தேய்ந்த பொருளுக்காகச் சண்டை போடாதீர்கள். தேய வைத்த காரணத்துக்காகப் போடுங்கள்.

ஜாப் கார்டு சமாச்சாரம் இன்னும் முக்கியம். நீங்கள் அரை மணி நேரம் விவரம் சொல்வீர்கள், கவுண்டரில் இருக்கும் பையன் "ஜெனரல் செக்கப், பிரேக் செக்" என்று நாலு வார்த்தை தட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குவான். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், காகிதத்தில் நீங்கள் புகாரே சொல்லவில்லை. "லோடோடு பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறுகிறது, ஏற்கெனவே டிஸ்க் மாற்றியும் திரும்ப வந்திருக்கிறது" என்று உங்கள் வாக்கியத்திலேயே எழுத வையுங்கள். கையெழுத்துக்கு முன் போனில் ஒரு போட்டோ. கோளாறு ஒன்றும் தெரியவில்லை என்று வண்டியைத் திருப்பிக் கொடுத்தாலும் சரி, அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

என் கணவர் சொந்தமாகப் பிக்கப் வைத்து ஓட்டுகிறார். வாரண்டிக்குள்ளேயே பிரேக் பூஸ்டர் இரண்டு முறை போய்விட்டது, பணம் கட்டித்தான் மாற்றினோம். கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவோம் என்றதற்கு, "இது வியாபார வண்டி, உங்களுக்கு அங்கே இடமில்லை" என்று சிரிக்கிறார்கள். உண்மையா?
— வாசகி, திருச்செங்கோடு

இல்லை அம்மா. சட்டத்தில் பாதியை மட்டும் உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை விலக்குகிறது, சரி. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது என்று அதே பிரிவு சொல்கிறது. இதற்கு முந்தைய சட்டத்தின்கீழ் 1995இல் லட்சுமி எஞ்சினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், தானே ஓட்டிப் பிழைக்க லாரி வாங்கியவரையே உதாரணம் காட்டி, அவரும் நுகர்வோர்தான் என்றது. உதவிக்கு ஒன்றிரண்டு ஆள் வைத்துக்கொண்டாலும் அது கெடாது. பத்து வண்டி வாங்கி டிரைவர் போட்டு ஓட்டுகிறவர் கதை வேறு.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். சில கம்பெனிகள் அதற்கே இறங்கி வந்துவிடும். நகரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வண்டிக்குக் கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் இருந்தால் அங்கேதான் போக வேண்டும். ஐந்து லட்சம் வரை கட்டணமே கிடையாது, பத்து லட்சம் வரை 200 ரூபாய், இருபது வரை 400. கம்பெனியின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ஷோரூமோடு தயாரிப்பாளரையும் சேர்த்து எதிர்தரப்பாகப் போடுங்கள். இல்லையென்றால் இவர் அவரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார். பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். "அடுத்த மாதம் ஏரியா மேனேஜர் வருகிறார்" என்று இழுத்தடிப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. தயாரிப்பிலேயே குறை என்று சொன்னால் நிபுணர் அறிக்கை கேட்பார்கள். பழைய பூஸ்டரை ஷோரூமிலேயே விட்டுவிட்டு வந்தீர்களானால் காட்ட ஒன்றும் இருக்காது. காசு கொடுத்து மாற்றிய பாகம் உங்களுடையது, கேட்டு வாங்கி வையுங்கள்.

இதே மாடல் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் இதே கோளாறு என்றால் இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. 2021 ஏப்ரல் முதல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ரீகால் பற்றிய விதி இருக்கிறது. ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டியில் பாதுகாப்புக் குறை இருந்தால் அரசின் வாஹன் இணையதளத்தில் உரிமையாளரே புகார் பதியலாம். விற்ற வண்டிகளில் குறிப்பிட்ட விகிதத்துக்கு மேல் புகார் சேர்ந்தால் அரசு விசாரித்து, வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிட முடியும். கம்பெனிக்கு அபராதம் 10 லட்சத்தில் தொடங்கி ஒரு கோடி வரை. ஸ்டாண்டில் நின்று திட்டுகிறவர்களில் பத்தில் ஒருவர் பதிந்தாலே நிலைமை மாறும்.

நாகப்பட்டினத்திலிருந்து மீன் லோடு. முன் பேடில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து இரும்பு தெரிகிறது, மறுபக்கம் புதிது போல இருக்கிறது. பின் பிரேக் பைப்பும் துரு பிடித்துக் கசிந்தது. துருவுக்கு வாரண்டி இல்லையாம். நியாயமா?
— வாசகர், நாகப்பட்டினம்

இதில் அவர்கள் பக்கம்தான் பெரும்பகுதி நியாயம் இருக்கிறது, ஐயா. பெட்டியிலிருந்து சொட்டும் ஐஸ் தண்ணீரில் உப்பு. அது நேராகப் பின் ஆக்ஸில் மேலும் பிரேக் பைப் மேலும்தான் விழுகிறது. எந்த வாரண்டியும் இதைத் தாங்காது. டெக்கில் ஓட்டை இருக்கும் இடத்தைப் பார்த்து, ஒரு குழாய் வைத்துத் தண்ணீரை ஆக்ஸிலுக்குப் பின்னால் விழும்படி செய்யுங்கள். வீடு திரும்பியதும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். போர் தண்ணீரே உப்பாக இருந்தால் அது வேலைக்காகாது.

ஒரு பக்கம் மட்டும் தேய்வது காலிப்பர் பின் (pin) இறுகியதால். காலிப்பர் இந்தப் பின்களின் மேல் முன்னும் பின்னும் நகர்ந்தால்தான் இரண்டு பேடும் சமமாகப் பிடிக்கும். பேட் மாற்றும்போது பின்னை வெளியே எடுத்துத் துடைத்து, பிரேக்குக்கென்றே வரும் சிலிகான் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். சாதாரண சேஸிஸ் கிரீஸ் போட்டால் ரப்பர் உப்பி, அந்தப் பின் மறுபடி இறுகிவிடும்.

கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது பிரேக் பெடல் திடீரென்று தரைவரை போனது. கொஞ்ச நேரம் நிறுத்தி எடுத்தால் சரியாகிவிட்டது. சர்வீஸில் ஒன்றுமில்லை என்கிறார்கள். ஓட்டலாமா?
— வாசகர், நாமக்கல்

ஓட்டக் கூடாது. பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்க வேண்டும் என்பது தரக் கணக்கு. ஈரம் ஏறிய பிறகு அதுவே 140 டிகிரியிலும் கொதிக்கலாம். கொதித்தால் பைப்பில் நீராவி, மிதித்தால் அழுத்தம் வராது. ஆறியதும் எல்லாம் சரியானது போல இருக்கும், அதனால்தான் சர்வீஸ் ஷெட்டில் ஒன்றும் தெரியவில்லை.

ஆயிலை முழுக்க இறக்கிப் புதிது விட்டு, பைப்பிலுள்ள காற்றை (ஏர்) எடுக்கச் சொல்லுங்கள். மூடியில் எழுதியிருக்கும் வகைதான் விட வேண்டும். அதோடு மாஸ்டர் சிலிண்டரையும் பார்க்க வேண்டும், அதன் உள் ரப்பர் போனாலும் பெடல் இப்படி இறங்கும். இன்ஜின் ஓடும்போது பெடலை ஒரே சீராக அழுத்திப் பிடித்து ஒரு நிமிடம் இருங்கள். வெளியே கசிவு எதுவும் இல்லாமல் பெடல் மெதுவாகக் கீழே போய்க்கொண்டே இருந்தால் சிலிண்டர்தான். அதை வாரண்டியில் கேளுங்கள். கொல்லிமலையின் 70 வளைவுகளையும் இரண்டாவது கியரில் இறங்குங்கள், லோடு அதிகமென்றால் முதல் கியர். டீசல் மிச்சமென்று நியூட்ரலில் விடுகிறவர் உங்கள் டிரைவர் என்றால், ஆயில் மாற்றுவதற்கு முன் அவரை மாற்றுங்கள்.