வாசகர் கேள்வி பதில்: ஆத்து மீனும் கடல் மீனும் ஒரே ட்ரிப்புல

கேள்வி: அண்ணை, நானும் மச்சானும் பாரிஸில இருந்து கார் எடுத்துக்கொண்டு செப்டெம்பர் கடைசியில ஸ்பெயின் பக்கம் போகப்போறம். ஒரு கிழமை லீவு இருக்கு. ஆத்து மீனும் வேணும் கடல் மீனும் வேணும், லூர் (செயற்கை இரை) மட்டும்தான் பாவிப்பம், புழு குத்துற வேலையே இல்லை. எங்க போறது நல்லம்? (பாரிஸ் வாசகர்)

பதில்: தம்பி, யோசிக்கவே வேணாம், எப்ரோ ஆறு. மெடிட்டரேனியன் கரைல நீங்க கேக்குற ரெண்டும் ஒரே ஆத்துல கெடைக்கிற எடம்னா என் ஓட்டு அதுக்குத்தான். பார்சிலோனாலேருந்து தெக்கால ரெண்டு மணி நேரம் ஓட்டுனா எப்ரோ டெல்டா, அங்கேருந்து உள்நாட்டுப் பக்கம் இன்னும் கொஞ்சம் போனா மெக்கினென்சா. மெக்கினென்சாலதான் எல்லாரும் பேசுற அந்த ராட்சச வாளை இருக்கு. நம்ம ஊர் ஆத்து வாளையோட குடும்பமேதான், ஆனா ரெண்டு மீட்டர் தாண்டுனதெல்லாம் அங்க பெரிய நியூஸே இல்ல. அது அந்த ஊரு மீனும் கெடையாது, 1974-ல ஒரு ஜெர்மன்காரர் கொண்டுவந்து விட்டது, இப்ப ஆறு பூரா பரவிக் கெடக்கு. அதுகூட ஸாண்டர், பிளாக் பாஸ்னு ரெண்டு வேட்டை மீனும் இருக்கு, ஸாண்டருக்கு ரிபா ரோஜா அணைப் பக்கம் ஜிக் ஹெட்ல (ஈயத் தலை வச்ச தூண்டில்) சாஃப்ட் பெயிட் (ரப்பர் மீன்) மாட்டி அடியோட அடியா தட்டித் தட்டி இழுக்கணும்.

ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்சது கீழ்ப்பக்கம்தான், அம்போஸ்தாலேருந்து கடல் வரைக்கும். ஆத்துல தண்ணி வரத்து கொறையுற காலத்துல உப்புத்தண்ணி கனமா இருக்கிறதால அடியில ஆப்பு மாதிரி உள்ள நுழைஞ்சிடும், நல்லதண்ணி அதுக்கு மேல ஓடிட்டிருக்கும், இப்படி கடல்லேருந்து கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் வரைக்கும் கூட ஏறி வரும். மேலருந்து பார்த்தா சாதாரண ஆறு, கரைல நாணலு, வாத்து. கீழ கடலு. அதனால வாளை இருக்கிற அதே கரைல லுபினாவும் மாட்டும், லுபினான்னா ஐரோப்பா ஸீ பாஸ். மழை பெஞ்சு மேல வெள்ளம் வந்தா இந்த ஆப்பு மொத்தமா கடலுக்குத் தள்ளிட்டுப் போயிடும், அப்ப லுபினாவை முகத்துவாரத்துல தேடுங்க. டெல்டா பூரா நெல்வயல், நீங்க போற நேரம் அறுப்பு சமயம், வயல் தண்ணி வடிஞ்சு கடல்ல விழுற வாய்க்கால் ஒவ்வொண்ணும் ஒரு ஸ்பாட், குட்டி மீனெல்லாம் அந்தத் தண்ணியோட அடிச்சுட்டு வரும்னு லுபினாவுக்குத் தெரியும்.

ஒரு வாரத்தை எப்படிப் பிரிக்கிறதுன்னா, கடலுக்குப் போக போட் (படகு) எடுக்குற ஐடியா இருந்தா கடலை மொதல்ல வச்சுக்கோங்க, ஆத்தைக் கடைசில வைங்க. நிறைய பேர் நேர்மாறா பண்றாங்க. காத்து அடிச்சா போட் கேன்சல், ஆறு கேன்சல் ஆகாது, அதனால கடைசி நாள்ல காத்து வந்தா உங்களுக்கு மாத்து நாளே இருக்காது.

கேள்வி: சார், நான் தூத்துக்குடி. இங்க ஏத்தம் வத்தம் பார்த்துதான் லூர் போடுவோம். அங்க டைட் டேபிள் எந்த ஆப்ல பார்க்கிறது? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: பார்க்கவே வேணாம் சார். அந்தக் கரைல ஏத்தம் வத்தம்னு சொல்ற அளவுக்கு ஒண்ணும் இல்ல, ஒரு சாண் கூடக் கொறைய, அவ்ளோதான். நீங்க பார்க்க வேண்டியது காத்து. வடமேக்குலேருந்து மெஸ்த்ரால்னு ஒரு காத்து எப்ரோ பள்ளத்தாக்கு வழியா கீழ இறங்கி வரும், நிலத்துலேருந்து கடலுக்கு அடிக்கிறதால கரையோரம் தண்ணி தட்டையா கண்ணாடி மாதிரி கெடக்கும், பார்க்க அழகு, மீன் வராது, லூர் மட்டும் காத்தோட நூறு மீட்டர் பறக்கும். கெழக்குலேருந்து வர்ற யெவான் எதிர்மாறு, அலை கெளப்பி தண்ணியக் கலக்கி விட்டுடும், அது அடங்குற நாளு லுபினா நுரைக்குள்ளயே கரைக்கு ரொம்பக் கிட்ட வந்து மேயும். புதுசா போறவங்க எல்லாரும் தூரமா வீசுவாங்க. மொதல் நாலு வீச்சு காலுக்குக் கிட்டக்க, கரைக்கு இணையா போடுங்க. வெயில் ஏறுனப்புறம் வீட்டுக்குப் போய் தூங்கலாம், விடியலும் அந்தியும்தான் வேலை.

கேள்வி: கொடுவா மீனுக்கும் பாறை மீனுக்கும் நான் வச்சிருக்கிற ராட் ரீலையே கொண்டுபோனா போதுமா? புதுசா வாங்க வீட்டுல பர்மிஷன் இல்ல! (சென்னை வாசகர்)

பதில்: லுபினாவுக்கு தாராளமா போதும் ப்ரோ. எட்டு ஒன்பது அடி ராட், 3000 இல்ல 4000 சைஸ் ரீல், 10லேருந்து 30 கிராம் லூர். பாறை குடும்பத்துலயே லிச்சியா அமியான்னு ஒண்ணு இருக்கு, அங்க பலோமெத்தோன்னு சொல்வாங்க, கரையோரமா மடவைக் கூட்டத்தைத் துரத்தும், மேல் தண்ணில ஸ்டிக்பெயிட் (குச்சி மாதிரி நீள லூர்) போட்டா முதுகு முள்ளைத் தூக்கிட்டு பின்னாலயே வந்து கடைசி நொடில திரும்பிப் போற திமிர் பிடிச்ச மீன். அதுக்கு இதையே கொஞ்சம் கனமான ப்ரெய்டோட (பின்னல் நூல்) வச்சுக்கலாம். அஞ்சோவான்னு ப்ளூஃபிஷ் வந்தா மட்டும் கதை வேற, பல்லு கத்தரிக்கோல்தான், லீடர் (நூலுக்கும் லூருக்கும் நடுவுல கட்டுற தடிச்ச நரம்பு) கடைசில ஒரு துண்டு ஒயர் போடுங்க, சாஃப்ட் பெயிட் எல்லாம் ஒரே கடில பாதியாயிடும்.

வாளைக்கு அந்த ராட் வேணாம், ஒடைஞ்சா வீட்டுல ரெண்டு மடங்கு பிரச்சனை. அங்கயே கைடுக்கிட்ட வாடகைக்கு எடுங்க. ஆத்துல ப்ரெய்டை நேரா லூர்ல கட்டாதீங்க, ஏன்னா 2001-லேருந்து அந்த ஆத்துல ஸீப்ரா மஸ்ஸல்னு ஒரு சிப்பி கல்லு, கட்டை, பழைய கயிறுன்னு எல்லாத்துலயும் ஒட்டிக் கெடக்கு, ஓடு ஒவ்வொண்ணும் பிளேடு, நகத்தளவுதான் இருக்கும். மீன் ஒரு தடவை கல்லை உரசிட்டுப் போனா ப்ரெய்டு பஞ்சு பஞ்சா பிரிஞ்சு நிக்கும், தடிச்ச லீடரா ரெண்டு மீட்டர் கட்டுங்க, ஒவ்வொரு மீனுக்கப்புறமும் விரலால தடவிப் பார்த்து சொரசொரப்பா இருந்தா வெட்டிட்டு மறுபடி கட்டுங்க. இந்த சிப்பியாலதான் போட்டையும் கியரையும் கழுவி சுத்தம் பண்ணாம வேற தண்ணிக்குக் கொண்டுபோக விடமாட்டாங்க, அது நியாயமும்தான்.

டெல்டால சாஃப்ட் பெயிட்டோட வாலு மட்டும் சுத்தமா அறுபட்டு வந்தா மீன்னு நெனச்சு சந்தோஷப்படாதீங்க, நீல நண்டு. 2012-ல அங்க மொதல்ல கண்டுபிடிச்சாங்க, இப்ப மீனவங்க பெட்டி பெட்டியா பிடிச்சு விக்கிறாங்க. அமெரிக்காக் கரைலேருந்து வந்த வில்லன்தான், ஆனா கொழம்பு வச்சா ஒண்ணும் சொல்றதுக்கில்ல!

கேள்வி: அண்ணா, லைசென்ஸ் ஒண்ணு எடுத்தா போதுமா? பிடிக்கிற மீனைக் கொஞ்சம் தெரிஞ்ச கடைக்குக் கொடுத்தா பெட்ரோல் காசாவது தேறுமே. (சூரிச் வாசகர்)

பதில்: ரெண்டாவது ஐடியாவை இங்கயே விட்டுடுங்க. பொழுதுபோக்கா பிடிச்ச கடல் மீனை விக்கிறது ஐரோப்பிய யூனியன் சட்டப்படி தப்பு. லைசென்ஸ் ஒண்ணு போதாது, ஆத்துக்குத் தனி, கடலுக்குத் தனி, அதுலயும் மெக்கினென்சா அரகோன் மாநிலம், டெல்டா கத்தலோனியா, ஆத்து லைசென்ஸும் மாநிலத்துக்கு மாநிலம் வேற. மெடிட்டரேனியன் பக்கம் லுபினா 25 சென்டிமீட்டருக்குக் கொறைஞ்சா திருப்பி விடணும். என்னைக் கேட்டா 40-க்குக் கீழ எதையும் எடுக்கவே வேணாம், 25 சென்டிமீட்டர் லுபினால திங்க என்ன இருக்கு?

கேள்வி: லூர்ல பெரிய சூரை பிடிக்கலாம்னு ஃப்ரெண்டு சொல்றான். நிஜமா, பில்டப்பா? (கோவை வாசகர்)

பதில்: நிஜம்தான். ப்ளூஃபின் டூனா. டெல்டாவுக்கு வெளிய மத்திக் கூட்டத்தை மேல தள்ளிக் கொதிக்க விடும், பறவையெல்லாம் வந்து விழும், போட்டை அது போற வழிக்கு முன்னால கொண்டுபோய் எஞ்சினைக் கொறைச்சு ஸ்டிக்பெயிட்டை ஓரமா வீசணும், கூட்டத்துக்கு நடுவுல போட்டை விட்டா அஞ்சு செகண்டுல எல்லாம் கீழ போயிடும். ரெண்டாயிரங்கள்ல அளவுக்கு மீறிப் பிடிச்சு இந்த மீன் ஒழிஞ்சே போகுற நெலமை, அப்புறம் கோட்டா, கொறைஞ்ச அளவு 30 கிலோ இல்லாட்டி 115 சென்டிமீட்டர்னு கட்டுப்பாடு போட்டுத்தான் திரும்பி வந்துச்சு. அதனால போட்டுக்குத் தனி பர்மிட் இருக்கான்னு காசு கட்டுறதுக்கு முன்னாடியே கேளுங்க, பெரும்பாலும் பிடிச்சு விடுறதுதான். மூணு முனைத் தூண்டிலைக் கழட்டிட்டு முள் நசுக்குன ஒத்தைத் தூண்டில் மாட்டுங்க, மீனை போட்டுக்குள்ள ஏத்தாம தண்ணிலயே பக்கவாட்டுல வச்சு மெதுவா ஓட்டிட்டே போனா செவுள்ல தண்ணி ஓடி தெம்பு வந்துடும். சின்ன ராட்ல ஒரு மணி நேரம் இழுத்து வீரம் காட்டுறவங்களைப் பார்த்தா எனக்குக் கோவம்தான் வரும், விட்டப்புறம் அது பொழைக்கணுமா இல்லையா.

கேள்வி: அவர் மீன் பிடிக்கட்டும், நானும் பசங்களும் மணல்ல வெறுங்காலோட விளையாடலாம்தானே? (மதுரை வாசகி)

பதில்: மணல்ல விளையாடுங்கம்மா, தண்ணில இறங்கும்போது மட்டும் ரப்பர் ஷூ போட்டு விடுங்க. அராஞ்யான்னு ஒரு மீன் ஆழமில்லாத மணல்ல கண்ணு மட்டும் தெரியிற மாதிரி பொதைஞ்சு கெடக்கும், முதுகு முள்ளுல விஷம், குத்துனா பெரியவங்களே கத்துவாங்க. ஐஸ் வைக்காதீங்க, பொறுக்கிற சூட்டுல வெந்நீர்ல காலை அரை மணி நேரமாவது முக்கி வைக்கணும், சூட்டுல அந்த விஷம் வீரியம் கொறையும், மூச்சு முட்டினாலோ வீக்கம் ஏறினாலோ நேரா ஆஸ்பத்திரி. அவர் லூர்ல பிடிச்சாலும் வெறுங்கையால கழட்டக் கூடாது, ப்ளையர் வேணும், அதை அவரோட பையில போடாம உங்க பையில போட்டு வைங்க.