பேரன் ஓடினால் ஊசி குதிக்கிறது, என்ன செய்வது?

கேள்வி: நாகர்கோவிலில் எங்களுடையது பழைய வீடு. மாடியில் மரப்பலகைத் தரை. அங்கே மேஜையில்தான் ரெக்கார்ட் பிளேயர் இருக்கிறது. பேரன் ஓடினால் ஊசி குதிக்கிறது. சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கர் ‘ஊ’ என்று இரைகிறது. தடித்த ரப்பர் ஷீட் போட்டும் பலனில்லை.

பதில்: இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். முதலில் ஊசி குதிப்பதைப் பார்ப்போம்.

இசைத்தட்டில் ஊசி ஓடும் பள்ளமான காடி சுமார் 0.05 மி.மீ. அகலம்தான். அதில் ஊசி ஒன்றரை, இரண்டு கிராம் பளுவோடு உட்கார்ந்திருக்கிறது. ஊசியைத் தாங்கும் கை இயல்பாக ஆடுவது 8 முதல் 12 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு அத்தனை முறை. பலகைத் தரை காலடிக்கு அதிர்வதும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போலத்தான் இது.

ரப்பர் ஏன் உதவவில்லை? பளுவில் எவ்வளவு அமுங்குகிறது என்பதே கணக்கு. 1 செ.மீ. அமுங்கும் ஸ்பிரிங் 5 ஹெர்ட்ஸில் ஆடும். சுமார் 7 ஹெர்ட்ஸுக்கு மேலான அதிர்வைத்தான் அது குறைக்கும். 1 மி.மீ. மட்டும் அமுங்கும் ஷீட் 22 ஹெர்ட்ஸுக்கு மேல்தான் வேலை செய்யும். குலசேகரம் பக்கத்து நல்ல ரப்பர் என்றாலும் காலடியை அது தடுக்காது.

ஆகவே தரையை விட்டுவிடுங்கள், சுவரைப் பிடியுங்கள். பழைய வீட்டின் கனத்த வெளிச்சுவரில், காரைப்பூச்சைத் தாண்டிக் கல்லிலோ செங்கலிலோ போல்ட் இறங்கும்படி இரண்டு இரும்பு ஆங்கிள் அடித்து, அயனி மரப் பலகை போடச் சொல்லுங்கள். பலகைத் தடுப்புச் சுவர் வேண்டாம், அதுவும் தரையோடு சேர்ந்தே ஆடும். ஆசாரி போகுமுன் தட்டின் மேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

இரைச்சலுக்குக் காரணம் ஸ்பீக்கர். அதன் அதிர்வு ஊசிக்கு ஏறி, ஆம்ப்ளிஃபையரில் பெருகி, மறுபடி ஸ்பீக்கருக்கே வருகிறது. மோட்டாரை நிறுத்தி, நிற்கும் தட்டில் ஊசியை வைத்து, சத்தத்தை மெல்லக் கூட்டிக்கொண்டே மேஜையை விரலால் தட்டுங்கள். தட்டும் ஒலி ஸ்பீக்கரில் ‘டொம்’ என்று கேட்டால் அதிர்வு வரும் வழி அதுதான். சுவருக்கு மாற்றிய பிறகும் இதே சோதனையைச் செய்யுங்கள். ஸ்பீக்கர் ஒருபோதும் அதே பலகையில் இருக்கக் கூடாது; அறையின் மூலையிலிருந்தும் தள்ளி வையுங்கள்.

அப்படியும் இரைந்தால் மயிலாடியில் 45-க்கு 35 செ.மீ., 3 செ.மீ. கனத்தில் ஒரு கருங்கல் பலகை வாங்கி, பிளேயருக்கு அடியில் போடுங்கள். 13 கிலோ அளவுக்கு இருக்கும், ஆங்கிள் அதையும் தாங்க வேண்டும். வெறும் கல் கணீரென்று ஒலிக்கும்; குழந்தைகள் சைக்கிளின் டியூபைத் தளரக் காற்றடித்துக் கல்லுக்கு அடியில் வையுங்கள். காற்று இறங்கும், வாரம் ஒருமுறை ரசமட்டம் பாருங்கள். வயர்களையும் தொய்வாக விடுங்கள், இழுத்துக் கட்டினால் அதிர்வு அவை வழியே ஏறிவிடும்.